மூடிய கையும் ஆபரேஷன் தியேட்டர் கதவும்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மாதம். பழவேற்காடு ஏரிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டதில் நான்கு நாளாக எங்கள் குப்பத்தில் யாரும் படகை அவிழ்க்கவில்லை. நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு நான் பொன்னேரியில் ஒரு மருத்துவமனை மாடியில் ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் ஒரே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பதினேழு வயது. குடல்வால் வீங்கியிருக்கிறது, பதினோரு மணிக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். சின்ன ஆபரேஷன்தான், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நர்ஸ் ஒருத்தி என் மனைவிக்குத் தைரியம் சொன்னாள்.

என் மனைவி கத்திக்குப் பயந்தாள். நான் மயக்க மருந்துக்குப் பயந்தேன். அந்த மாடியில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் என் பெண் மயக்கத்திலிருந்து எழாமலே போய்விடலாம். சொன்னால் ஊரில் அவள் பெயரும் என் பெயரும் கெட்டுப்போகும். இரண்டு வருடமாக அதை வாய்க்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். என்ன விஷயம் என்று சொல்கிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்கு முப்பது வயது வாக்கில் கையில் ஒரு கோளாறு ஆரம்பித்தது. எதையாவது இறுக்கிப் பிடித்தால் பிடித்தபடியே இருக்கும். விடு என்று மனசு சொல்லும், விரல் கேட்காது. பத்து எண்ணுவதற்குள் மெல்ல மெல்லப் பிரியும். மார்கழிப் பனியில் இன்னும் மோசம். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. எங்கள் ஏரியில் அவரவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடும் இடங்களை ஊர்கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். ஒரு வருடம் நான் பாடுச் சீட்டை எடுத்துவிட்டுக் கையைத் திறக்க முடியாமல் நின்றேன். "இன்னாடா, நல்ல எடம் உழுந்துச்சினு தெரிஞ்சிபோச்சா? சீட்டை உடமாட்டேன்றான் பாரு!" என்று ஊரே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். கைக்குள் சீட்டு வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு மார்கழி விடியலில் சிரிப்பு நின்றுபோனது. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், என்னோடு ஒரே படகில் தொழில் செய்தவர். அன்று அவர் மார்பளவு தண்ணீரில் இறங்கி வலைக் கழியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் படகில் நின்று வலைக்கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தேன். திடீரென்று நீரோட்டம் கடல் பக்கம் திரும்பியது. கயிறு அவர் காலில் சுற்றிக்கொண்டு ஆளைக் கீழே இழுத்தது. நான் கயிற்றை விட்டால் போதும், அது தளர்ந்து கால் கழன்றுவிடும். "உடுறா மாப்ள, உடு உடு!" என்று கத்தினார். கத்திக்கொண்டே முங்கினார். எழுந்து மறுபடியும் முங்கினார். என் இரண்டு கையும் அந்தக் கயிற்றோடு பூட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் படகிலிருந்த இன்னொருவர் கத்தியால் கயிற்றை அறுத்தார்.

மச்சான் பிழைத்தார். கரைக்கு வந்து தண்ணீரைக் கக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னால் மறக்க முடியாது. வலையில் அன்று நல்ல இறால். மீனுக்கு ஆசைப்பட்டு மச்சானை முங்க விட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆசை பிடித்தவன் என்று பெயர் வாங்கினாலும் நம்மைப் படகில் ஏற்றுவார்கள். கை வராதவன் என்று தெரிந்தால் யார் ஏற்றுவார்கள்? பாடு முறையிலிருந்தே என் பெயரை நீக்கிவிடுவார்களோ என்று பயம். மச்சான் அதன் பிறகு என் படகில் கால் வைக்கவில்லை. வீட்டு விசேஷத்துக்கு வருவார், சாப்பிடுவார், என்னிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

அதே வருடம் கண் மங்கியது. கண் பரிசோதனை முகாமில் பார்த்த டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். முப்பத்தாறு வயதில் புரையா என்று அவரே என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. பிறகு சம்பந்தமே இல்லாமல், "என் கையை இறுக்கிப் பிடிங்க" என்றார். பிடித்தேன். "இப்ப விடுங்க" என்றார். முடியவில்லை. அந்த மனிதர் சிரிக்கவில்லை. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே நரம்பு டாக்டர் ஒரு சின்ன சுத்தியலால் என் கட்டைவிரலுக்குக் கீழே தட்டினார். விரல் உள்ளே மடங்கிக்கொண்டு அப்படியே நின்றது. ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, வேறொரு நாள் உட்கார வைத்துச் சொன்னார். இது பரம்பரையாக வருகிற தசை நோய். தசை பிடித்துக்கொண்டு விட மறுக்கும், வருடம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். கை, கழுத்து, பாதம் தளரும். கண், இதயம், மூச்சு, தூக்கம் எல்லாவற்றையும் இது தொடும். குணமாக்க மருந்து இல்லை, ஆனால் கவனமாக இருந்தால் வாழலாம் என்றார். "உங்க அப்பா எப்படி இருந்தார்?" என்று கேட்டார்.

நைனாவைப் பற்றி என்ன சொல்வது? எங்கள் நைனா ஊருக்கே சோம்பேறி. படகில் உட்கார்ந்தபடி தூங்குவார், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தூங்குவார். நாற்பது வயதில் கண்ணாடி போட்டும் கண் தெரியவில்லை. கழி ஊன்றினால் கை நடுங்கும். "தூங்குமூஞ்சி" என்று அவரைக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். பதினாறு வயதிலேயே அவர் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு படகில் ஏறினேன், அதில் எனக்குப் பெருமை வேறு. பிறகு அவருக்குக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் செய்தார்கள். மயக்கம் கொடுத்தார்கள், ஆபரேஷன் முடிந்தது, ஆனால் மயக்கம் தெளியவே இல்லை. மாரடைப்பு என்று நினைத்து உடலை எடுத்துக்கொண்டு வந்தோம். அந்த ஆஸ்பத்திரிக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இதைக் கேட்டதும் நரம்பு டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த நோய் இருப்பவர்களுக்குச் சாதாரண மயக்க மருந்தே மூச்சை நிறுத்திவிடலாம், வேறு முறையில்தான் கொடுக்க வேண்டும் என்றார். பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, எந்த ஆபரேஷன் என்றாலும் முதலில் இதைக் காட்டு என்று கையில் கொடுத்தார். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு பெண் என்றேன். அவளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, வந்தால் என்னைவிடச் சின்ன வயதிலேயே வரும், என்னைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், ஒருமுறை கூட்டிவா என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

கூட்டிப் போகவில்லை. தாளை நான்காக மடித்து என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். மனைவியிடம் கண்ணில் புரை, கையில் நரம்புத் தளர்ச்சி, அவ்வளவுதான் என்றேன். மச்சான் மகனுக்கு என் பெண்ணைக் கொடுப்பதாக இரண்டு வீட்டிலும் வெகுநாளாகப் பேச்சு இருந்தது. பரம்பரை நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் குப்பத்துக்குக் குப்பம் தாவி, ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் போய்விடும். அதோடு, தெரியாதவரைக்கும் என் பெண்ணுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம் அல்லவா? இப்படி ஒரு கணக்கு. முட்டாள் கணக்கு.

ஆனால் கண் சும்மா இருக்குமா? இரண்டு வருடமும் அவளைத் திருடனைப் போல வேவு பார்த்தேன். குடத்தை இறக்கி வைத்தபின் கை எத்தனை நேரம் மடங்கியிருக்கிறது? குழாயை மூடிவிட்டு ஏன் அங்கேயே நிற்கிறாள்? பரீட்சையில் நேரம் போதவில்லை, பாதிதான் எழுதினேன் என்று அழுதாள். அவள் அம்மா சோம்பேறி என்று திட்டினாள். எனக்குச் சுருக்கென்றது, வாயைத் திறக்கவில்லை. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியபோது, "கை குடு பாப்பா" என்று கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். அப்பன் மேல் அவ்வளவு பாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருடைய விரல் முதலில் பிரிந்தது என்று அன்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டும் கிடந்தேன்.

இப்போது மறுபடியும் அந்த மாடிக்கு வருகிறேன்.

ஒரு நர்ஸ் அட்டையில் தாளை வைத்துக்கொண்டு வந்து என் மனைவியிடம் கேள்விகளை அடுக்கினாள். சர்க்கரை இருக்கிறதா, இழுப்பு இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் சமயத்தில் ஏதாவது ஆனதுண்டா? "அதெல்லாம் ஒண்ணும் இல்லமா. எங்க மாமனாரு ஹார்ட் அட்டாக்ல போனாரு, அவ்ளோதான்" என்றாள் என் மனைவி. நர்ஸ் என்னைப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். மழையில் மோட்டார் சைக்கிளில் முன்னால் வந்து எங்களுக்காக ஆள் பிடித்து, படுக்கை பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். என்னிடம் பேசாவிட்டாலும் தங்கை மகள் என்றால் அவருக்கு உயிர். அவர் முன்னால் எப்படிச் சொல்வது? நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.

கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றன. நர்ஸ் இழுத்தாள். "பேனா ஆஸ்பத்திரியோடதுங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை அறைந்தது போலிருந்தது. பத்தரைக்கு மகளை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். பச்சைக் கவுன், தலையில் பிளாஸ்டிக் குல்லாய். "நைனா, எங்கியும் போவாத, இங்கியே இரு" என்றாள். வலியில் ஸ்ட்ரெச்சரின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். தியேட்டர் கதவுக்குப் பக்கத்தில், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த பையன் கையை எடும்மா என்றான். அவள் எடுக்கவில்லை. கையைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கதவு மூடிக்கொண்டது.

அதைப் பார்த்த பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். ஓடிப்போக நினைத்தேனா, இல்லை கொஞ்ச நேரம் யாரும் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேனா, தெரியவில்லை. டீக்கடையில் கிளாஸை வாங்கினேன். சூட்டில் கை கொஞ்சம் இளகியது. கடைக்காரர் யாரிடமோ சின்ன ஆபரேஷன்தானே, மயக்கம் தெளிஞ்சா எழுந்து உக்காந்துக்கும் என்று வேறு யாருடைய கதையையோ பேசிக்கொண்டிருந்தார். மயக்கம் தெளிஞ்சா. எனக்கு நைனாவின் முகம் வந்தது. துணி சுற்றிய தாடை. மூக்கில் பஞ்சு. அன்றைக்கும், தூங்குகிற மாதிரியே இருக்கிறார் பாரு என்றுதான் நான் நினைத்தேன்.

கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. என் பாதம் இப்போதெல்லாம் சரியாகத் தூக்குவதில்லை, படியில் தடுக்கும். நடுப்படியில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து எழுந்தால் கம்பியும் என்னை விடமாட்டேன் என்கிறது. அந்த ஐந்தாறு நொடி நான் பட்ட பாட்டை எந்த எதிரியும் படக் கூடாது. மணி பத்து ஐம்பது. தியேட்டர் கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

"யோவ், இன்னாயா பண்ற? உள்ள புள்ள கீதுயா!" என்று மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உள்ளேயிருந்து ஒருத்தர் கோபமாக எட்டிப் பார்த்தார். நான் பர்ஸிலிருந்து தாளை எடுக்க முயன்றேன். விரல் வரவில்லை. மச்சான் என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பர்ஸை வாங்கித் தாளை அவரே எடுத்து அந்த ஆளிடம் நீட்டினார். "மயக்க டாக்டரைக் கூப்டுங்க. மருந்து போட்டாங்களா? போட்டுட்டாங்களா?" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் தாளோடு வெளியே வந்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "இது யாருக்கு? உங்களுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். எங்க நைனாவுக்கும் இருந்தது, ஆபரேஷனிலேயே போய்விட்டார், பெண்ணுக்கும் இருக்கிறது என்றேன். "பொண்ணுக்கு டெஸ்ட் பண்ணீங்களா?" என்றார். இல்லை, ஆனால் இருக்கிறது, எனக்குத் தெரியும் என்றேன். அந்த வார்த்தையை என் காதாலேயே அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். மருந்து இன்னும் போடவில்லை என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். என் மனைவி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நிமிடம் இருக்கும். டாக்டரம்மா திரும்பி வந்தார். முகமூடியைக் கழற்றியிருந்தார். "என் விரலைப் பிடிச்சுட்டு விடச் சொன்னேன். விட முடியல" என்றார். பிறகு கொஞ்சம் கோபமாகவே, "இதை ஏன் காலைலயே சொல்லல? இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா வழக்கமான மருந்தைப் போட்டிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு அந்தத் தாளை மறுபடியும் ஒருமுறை படித்தார். அவரும் பயந்துபோயிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இங்கே வேண்டாம், மூச்சுக் கருவியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கிற இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று அவரே சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பேசினார், ஆம்புலன்ஸையும் வரவழைத்தார். என்ன மருந்து கொடுக்கக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்ணை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆனால் பயம் அத்தோடு தீர்ந்ததா? இப்போது வேறு பயம். குடல்வால் வீங்கி நிற்கிறது, வழியில் வெடித்தால் உடம்பெல்லாம் சீழ் பரவிவிடும், சீக்கிரம் போங்கள் என்றார்கள். மழை. மீஞ்சூர் தாண்டுவதற்குள் லாரிகள் வரிசையாக நின்றன. ஆம்புலன்ஸ் கத்துகிறது, வண்டி நகரவில்லை. மகள் முனகிக்கொண்டே இருந்தாள். திடீரென்று முனகல் நின்றது. வலி போய்விட்டதா, இல்லை வெடித்துவிட்டதா? என் மனைவி அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் செய்த காரியத்துக்கு ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

சென்னையில் மாலை நான்கு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். முழு மயக்கம் கொடுக்காமல் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் செய்வதாகச் சொன்னார்கள். அப்படியும் மூச்சு எப்படிப் போகும், இதயம் எப்படித் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, கருவிகளைத் தயாராக வைத்திருக்கிறோம் என்றார்கள். தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். மச்சான் பின்னாலேயே வண்டியில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்திருந்தார். சட்டையைப் பிழிந்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, அன்னிக்கி முகத்துவாரத்துல... கயிறு... அதுவும் இதுதானா?" என்றார்.

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"ரெண்டு வர்சமா நீ மீனுக்காவ என்னை முங்க உட்டன்னு நென்ச்சிக்கினு கீறேன்டா. உன் வூட்டு சோறு துன்னும்போதுகூட அதான் நெனப்பு. சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார். பிறகு, "உன் கையைக் காட்டு" என்றார். நீட்டினேன். அவர் கையால் என் கையை மூடினார், திறக்கச் சொன்னார். விரல்கள் மெல்ல மெல்லப் பிரிவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. நைனா செத்தபோது வராத அழுகை அந்தத் தாழ்வாரத்தில் வந்தது.

ஆபரேஷன் முடிந்தது. ஆனால் அன்று ராத்திரிக்குள் மூச்சு கொஞ்சம் சோர்ந்துவிட்டது, முகத்தில் முகமூடி போட்டுக் கருவியால் காற்றுக் கொடுக்கிறோம் என்றார்கள். இரண்டு நாள். ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் உள்ளே விடுவார்கள். நான் போனதும் அவள் நெஞ்சைத்தான் பார்ப்பேன். ஏறுகிறதா, இறங்குகிறதா? ஏறினால் இறங்கும்வரை என் மூச்சு நிற்கும். மூன்றாம் நாள் காலையில் முகமூடியைக் கழற்றிவிட்டார்கள். நான் போனபோது நர்ஸிடம் இட்லிக்குச் சட்னி இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் அவள்.

நோயைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டிய வேலையை டாக்டர்களுக்கு விடாதே, நீயே சொல் என்றாள் என் மனைவி. நான்கு நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. வார்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சொன்னேன். தாத்தாவின் கதை, என் கை, மச்சான் கயிறு, பர்ஸில் இருந்த தாள், பாதிக்குப் பாதி, எல்லாம். குணமாகாது என்பதையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப எக்ஸாம்ல என் கை பேனாவ உடாம இஸ்துக்கினதுக்கு இதானா நைனா? நான் சோம்பேறி இல்லியா?" என்றாள்.

இல்லை பாப்பா என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியபடியே, "உனுக்குத் தெரியும். எனக்கு உடம்புல இன்னாவோ கீதுனு நான் பயந்துக்கினே இருந்தேன், உனுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள்.

வீடு திரும்பிய பிறகு ஊர்க்கூட்டத்தில் எழுந்து நானே சொன்னேன். இனி கயிறு பிடிக்கிற வேலையை என்னிடம் கொடுக்காதீர்கள், யாராவது செத்துப்போவார்கள் என்றேன். பாடு முறையிலிருந்து என் பெயரை அவர்கள் நீக்கவில்லை. என் முறைக்கு மச்சான் ஆளோடு போகிறார், நான் கரையில் இறால் பிரிக்கிறேன், ஏலத்துக்கு எடுத்துப் போகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மச்சான் வீட்டுக் கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. மச்சான் மனைவி எங்கள் வாசலில் நிற்பதில்லை. "குடும்பமே பேஜாரு புட்ச்ச குடும்பம்" என்று குழாயடியில் யாரோ சொன்னதை என் பெண்ணே வந்து என்னிடம் சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது, அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

பரீட்சையில் அவளுக்குக் கூடுதல் நேரம் கேட்டு வாங்கினோம். இப்போது பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறாள். காலையில் வெந்நீரில் கை வைத்து இளக்கிவிட்டுத்தான் புறப்படுவாள். வருடத்துக்கு ஒருமுறை இருவருமாக ரயிலேறி இதயத்தையும் மூச்சையும் பரிசோதித்துக்கொண்டு வருகிறோம். அந்த நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்காது. அவள் மத்தியானத்தில் அசந்து தூங்கினாலும் பக்கத்தில் போய்ப் பார்க்கிறேன். காலேஜ் களைப்பா, நோயா? எழுப்பலாமா, விடலாமா? "நைனா, நான் உயிரோடதான் கீறேன், போ" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வாள்.

நேரத்துக்குச் சொல்லி மகளைக் காப்பாற்றினாய் என்று ஊரில் சிலர் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்குக் கூசுகிறது. கை திறக்க நேரமாவது என் நோய். வாய் திறக்க இரண்டு வருடம் ஆனதற்கு எந்த டாக்டரும் எந்த நோயின் பெயரையும் எழுதித் தர முடியாது, அது நான்தான் என்பது ஒவ்வொரு நாளும் அவள் கண் விழிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருகிறது.